பகவதி வைத்த தேதி

திங்கள்சந்தையிலிருந்து இரணியல் போகும் சாலையில், ஒரு சிப்ஸ் கடைக்கும் ஒரு குடை ரிப்பேர் கடைக்கும் நடுவே ‘பகவதி கம்ப்யூட்டர்ஸ்’ இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாண பயோடேட்டா, கம்ப்யூட்டர் ஜாதகம். போர்டைப் பார்க்கிறவர்கள் அம்மன் பேரில் கடை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். சிலர் செருப்பைக் கீழே கழற்றிவிட்டுப் படியேறுவதும் உண்டு. நாராயணபெருமாள் ஒருவரையும் திருத்தியதில்லை. பகவதி அவர் மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் அவள் ஒன்றும் வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டாள் என்பது அவர் எண்ணம்.

நாராயணபெருமாள் நாகர்கோவிலில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவர். வரலாறு படித்தவருக்குத் தேதி என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய பொருள். அது மாற்றக்கூடிய பொருளும்தான் என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவள் பகவதி. மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள் அவள். கடையில் யோசனையெல்லாம் அவளுடையது; பேப்பர் அடுக்குவதும் ‘வாங்க’ என்று சொல்வதும் அவருடையது.

லேப்டாப் வாங்கிய புதிதில் யாரோ ஒருவர் ஜாதகம் கணிக்கும் சி.டி. ஒன்றைக் கொடுத்தார். முப்பது நாள் சும்மா ஓடும். பிறகு கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். முப்பது நாள் முடிந்ததும் அது நின்றது. பகவதி ஒரு நிமிடம் மோவாயில் கை வைத்து யோசித்தாள். பிறகு லேப்டாப்பின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி, அதை ஏற்றிய நாளான 2013 நவம்பர் பதினொன்றில் கொண்டுபோய் வைத்தாள். ஜாதகம் மறுபடி ஓடியது.

“தெனமும் காலம்பற இந்தத் தேதிக்கு இழுத்து வச்சிரணும். இது முன்னால போகவே பிடாது, கேட்டியளா?” என்றாள்.

அன்று தொடங்கியது அந்த வழக்கம். ஷட்டரைத் தூக்குவார். வாசலில் வெள்ளம் தெளிப்பார். ஊதுவத்தி கொளுத்துவார். பிறகு லேப்டாப்பைத் திறந்து, இரவு முழுக்கக் களவாக ஒரு நாள் முன்னால் நகர்ந்திருக்கும் தேதியை நவம்பர் பதினொன்றுக்கு இழுத்து வைப்பார். அதற்கப்புறம்தான் போணி.

ஜாதகத்தின் முதல் பக்கத்தில் ‘கணித்த நாள்’ என்று அந்தப் பழைய தேதி அச்சாகும். அந்த இடத்தில்தான் பகவதி கடை முத்திரையைக் குத்துவாள், கொஞ்சம் மையைத் தாராளமாகவே ஒற்றி. கடைசிப் பக்கமாக ‘நடப்பு ஆண்டுப் பலன்’ என்று ஒன்று வரும். அதை மட்டும் அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. உருவியெடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவாள். ஏனென்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, “பேசாம இரியும், அது வேண்டாம்” என்றாள். பேப்பர் கட்டு கனம் கூடாமல் இருக்க என்று அவர் புரிந்துகொண்டார். பகவதி சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் தமக்கு வராது என்று நம்பி அவர் நிம்மதியாக வாழ்ந்தார்.

2018-இல், பத்து நாள் காய்ச்சலில், பகவதி போய்விட்டாள்.

பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து, மகள் சபிதாவும் ஹாஸ்டலுக்குத் திரும்பிய பிறகு, அவர் கடையைத் திறந்தார். வெள்ளம், ஊதுவத்தி, தேதி. கையைப் பழக்கம் நடத்தியது. வாடிக்கைக்காரர்களுக்குக் கடைசிப் பக்கத்தை உருவிவிட்டே கொடுத்தார். ஆனால் குப்பைக் கூடையில் போடுகிற அந்தப் பக்கத்தை ஒருநாள் சும்மா இருந்தபோது வாசித்தார். நன்றாகத்தான் எழுதியிருந்தது. இதை வீணாக்குவானேன் என்று அடுத்து வந்த சித்திரை விஷுவன்று தம்முடைய ஜாதகத்தையே போட்டு, கடைசிப் பக்கத்தை எடுத்துக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். மீன ராசி. அஷ்டமச் சனி. ‘கடல் கடந்த பயணம் இவ்வாண்டு உகந்ததல்ல. புது முயற்சிகளைத் தள்ளிப் போடவும். அடுத்த ஆண்டு முதல் நலம்.’

பக்கத்துச் சிப்ஸ் கடை ஐயப்பன் கரண்டியோடு எட்டிப் பார்ப்பான். அவனுக்கு நாராயணபெருமாளைவிடப் பதினைந்து வயது குறைவு. மரியாதை அதைவிடக் குறைவு.

“அண்ணாச்சி, ஒம்ம மெசின் கண்ணு முழிச்சாச்சா? நான் ரெண்டு ஈடு சிப்ஸ் கோரி எடுத்தாச்சு.”

“ஒனக்கு எண்ண கொதிச்சா போரும்டே. இதுக்கு மூள இருக்கு. மூள இருக்கப்பட்டது எந்திரிக்க நேரமாவும்.”

“அதான் நீரு கோழி கூவதுக்கு முன்னால, வெள்ளாப்பிலேயே எந்திரிச்சிருகீரு, இல்லியா?”

விஷுவுக்கு விஷு இந்தப் பேச்சும் தப்பாது:

“சனி என்ன சொல்லுகாரு அண்ணாச்சி?”

“கடல் தாண்டப்பிடாது. புதுக்காரியம் தொடப்பிடாது. அடுத்த வருசம் முதல் நல்லாருக்கும்.”

“இதத்தானே போன விசுவுக்கும் வாசிச்சீரு?”

“சனி மெள்ள நடக்கவன்டே. நமக்கு ஒரு வருசம்னா அவனுக்கு ஒரு மத்தியானம்.”

“அதுக்கு முந்தின விசுவுக்கும்?”

“சொன்ன சொல்லு மாறமாட்டான். ஒன்ன மாதிரியா, நேந்திரங்கான்னு சொல்லி மொந்தங்காய வறுக்கதுக்கு?”

பேப்பரில் வரும் சனிப்பெயர்ச்சிப் பலனை நாராயணபெருமாள் திரும்பியும் பார்க்கமாட்டார். பேப்பர்காரன் கோடிப் பேருக்கு ஒன்றாக எழுதுகிறான். இது தமக்கென்று தனியாகக் கணித்தது. தேதியை இழுத்து வைப்பது அவர் கைதான் என்பதும் அவருக்கு நினைவில் இல்லாமலில்லை. ஆனால் அது கம்பெனிக்காரனை ஏமாற்றுவதற்கு. கம்பெனிக்காரன் ஏமாறலாம். வானத்தில் கிடக்கும் கிரகங்கள் ஏமாறுமா?

ஆக, கடைசிப் பக்கம் சொன்னபடியே வாழ்க்கை நடந்தது. வீட்டு ஓடு ஒழுகியது. மாற்றினால் புது முயற்சி என்று கீழே வாளி வைத்தார். மூக்குக் கண்ணாடி மங்கியதும் பழைய ஃப்ரேமிலேயே கண்ணாடியை மட்டும் மாற்றினார். ஃப்ரேம் பழையதாக இருந்தால் அது புது முயற்சி ஆகாதாம்.

சபிதா நர்ஸிங் முடித்து, கல்யாணமாகி, புருஷனோடு குவைத் போனாள். போனதிலிருந்து கூப்பிடுகிறாள். அவரும் ‘அடுத்த வருசம் மக்ளே’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி பிறந்தாள். சம்பந்தியம்மா போய் மூன்று மாதம் இருந்து, கறுத்துப் போனவள் வெளுத்துத் திரும்பிவந்து, திங்கள்சந்தை முழுக்கக் குவைத் ஏசியின் பெருமையைப் பேசினாள். நாராயணபெருமாள் பேத்தியைக் கைப்போனில் பார்த்தார். போனின் கண்ணாடி கீறியிருந்ததால் பிள்ளையின் கன்னத்தில் எப்போதும் ஒரு கோடு கிடந்தது.

“அப்பா, பெரிய ஸ்கிரீன்ல பாருங்கப்பா. லேப்டாப்ப எடுங்க” என்றாள் சபிதா.

லேப்டாப்பில் நெட்டைத் திறந்தார். ‘உங்கள் கடிகாரம் பின்னால் இருக்கிறது’ என்று திரையில் வந்தது. “அது எனக்குத் தெரியும்” என்று சொல்லி மூடிவைத்தார். மகளிடம், மெசின் பழசு, நெட்டு எடுக்கவில்லை என்றார்.

பழசு என்பது பொய்யில்லை. சபிதா நம்பிவிட்டாள். அந்த மாதமே ஊருக்கு லீவில் வந்த ஒரு தேங்காய்ப்பட்டணத்துக்காரர் கையில் ஒரு பை கொடுத்தனுப்பினாள். டாங்க் ஜூஸ்பொடி, பால்பொடி, சோப்பு. நடுவில் துணியில் சுற்றி ஒரு ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. அன்று சாயங்காலம் போனில் சொன்னாள்: “ரேமும் டிஸ்கும் மாத்தி, புது ஓ.எஸ். போடச் சொல்லுங்க. பிறவு இன்னொண்ணு. விசிட் விசா எடுத்தாச்சு. பிள்ளைக்கு அடுத்த மாசம் பிறந்தநாள். அதுக்குள்ள வந்திரணும். இந்தத் தடவ வராட்டா இனி கூப்பிடமாட்டேன்ப்பா.”

சபிதா சத்தம் போட்டிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். அவள் அம்மாவும் முடிவு செய்துவிட்டால் அப்படித்தான் பேசுவாள்.

ஐயப்பன் ரேமை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். “இது என்னது, பேன் சீப்பு மாதிரி? இத வச்சா என்ன ஆவும்?”

“வேகமா ஓடும்.”

“ஒமக்கு ஒண்ணு தனியா அனுப்பலியா?”

ரேம் போட முட்டத்திலிருந்து பிரீனா வந்தாள். பஸ் ஸ்டாண்டு மாடியில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள். புருஷன் ஜெமி ஆழ்கடல் போட்டில் போகிறவன். அவன் கடலில் இருக்கும் நாட்களில் அவள் கரையில் இரண்டு பேருக்கான பேச்சையும் பேசித் தீர்த்துவிடுவாள். ஸ்கூட்டரை நிறுத்தி, ஸ்க்ரூடிரைவர்கள் கிடக்கும் டிபன் பாக்ஸைத் திறந்து, லேப்டாப்பைக் குப்புறப் போட்டுக் கழற்றினாள். மூடியைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அண்ணாச்சி, இது லேப்டாப்பா, மாதா குருசடி உண்டியலா?”

உள்ளே ஊதுவத்திச் சாம்பல் பஞ்சுபோல் படிந்திருந்தது. சரஸ்வதி பூஜைக்குப் பூஜை வைத்த சந்தனமும் குங்குமமும் காற்றுப் போகும் ஓட்டை வழியாக இறங்கி, ஃபேனை ஒரு பக்கம் சிவப்பாகவும் ஒரு பக்கம் மஞ்சளாகவும் ஆக்கியிருந்தன. கொஞ்சம் அரிசி. பல்லி முட்டை ஒன்று. பிரீனா முட்டையை மட்டும் ஒரு பேப்பரில் ஏந்தி ஐயப்பனிடம் கொடுத்தாள்.

“என்னட்ட என்னத்துக்கு?” என்றான் ஐயப்பன்.

“கடையில சும்மாதானே நிக்குதியோ? அட காத்துக் குடுங்க.”

ரேம் ‘டக்’கென்று உட்கார்ந்தது. டிஸ்க்கை மாட்டி மூடியபோது ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது. நாராயணபெருமாள் அதை விரல் நுனியில் எடுத்துக் கவலையோடு நீட்டினார்.

“இது?”

“கம்பெனிக்காரன் ஒண்ணு கூட்டிப் போட்டிருப்பான். வச்சுக்கிடுங்க” என்றாள் பிரீனா. பிறகு, “ஆமா, கழட்டுததுக்கு முன்னால பாத்தேன், தேதி ரெண்டாயிரத்து பதிமூணுன்னு காட்டிச்சே. உள்ள இருக்க பேட்டரிச் செல்லு போச்சோ?”

“செல்லு நல்லாத்தான் இருக்கு. நான்தான் அதுல வைக்கது.”

“எதுக்கு?”

சொன்னார். பிரீனா முழுவதையும் கேட்டாள்.

“அப்பம் இத்தன வருசமா, தெனமும்?”

“ஞாயித்துக்கிழம லீவு.”

புது ஓ.எஸ். ஏறியது. பிரீனா தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள். பழைய லேப்டாப் அவர் இதுவரை கண்டிராத சுறுசுறுப்போடு எழுந்து நின்றது. ஐயப்பனுக்கு அடுப்பு பற்ற வைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. திரையின் மூலையில் இன்றைய தேதி இருந்தது.

நாராயணபெருமாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். தேதியை நவம்பர் பதினொன்றுக்கு இழுத்து வைத்தார். நிமிர்ந்தார். அது இன்றைக்குத் திரும்பியிருந்தது. மறுபடி இழுத்தார். கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டு, அவர் கண் விலகியதும் மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் பார்க்கப் பார்க்கவே மாறியது.

“என்னட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

“நெட்டுலயிருந்து தானா எடுக்கும் அண்ணாச்சி. அத ஆஃப் பண்ணித் தாறேன், பொறுங்க. அதென்ன, அந்த ஒரு தேதியில அப்படி என்ன?”

“ஒண்ணுமில்ல. பகவதி வச்சது.”

அந்த நவம்பர் பதினொன்று ஒரு திங்கட்கிழமை. சந்தைக்குப் போய்ச் சிறுகிழங்கு வாங்கி வந்து, கிழங்கில் பாதி மண்ணாக இருக்கிறது என்று அவரைத் திட்டிக்கொண்டே அவள் அந்த சி.டி.யை ஏற்றினாள். வேறு விசேஷம் எதுவும் அந்த நாளுக்கு இல்லை. அன்று அவள் இருந்தாள். கடையைத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும் லேப்டாப்பின் மூலையில் அவள் இருக்கும் ஒரு நாள் கிடந்தது. அவர் அதை இப்படி யோசித்துப் பார்த்தவரல்ல. இப்போதும் யோசிக்காமல், “சி.டி.யப் போட்டு ஜாதகம் ஓடுதான்னு பாரு பிள்ளே” என்றார்.

புது டிஸ்க் அல்லவா, பழைய கணக்கு எதுவும் அதற்குத் தெரியவில்லை. முப்பது நாள் சும்மா ஓடலாம் என்று சந்தோஷமாக வரவேற்றது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, நாராயணபெருமாள் தம்முடைய பிறந்த நேரத்தையே கொடுத்து அச்சடித்தார். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தை உருவினார். படித்தார். அவர் முகம் மாறியது.

“நீ என்ன பண்ணின?”

“என்ன பண்ணினேன்?”

“என் சனிய மாத்திப்போட்டியே! அஷ்டமச் சனியில்லா எனக்கு? இதுல ஜென்மச் சனின்னு கெடக்கு. ‘அடுத்த ஆண்டு முதல் நலம்’ எங்க? அதக் காணல்லியே?”

“அய்யோ மாதாவே, நான் ஒங்க சனியத் தொடவே இல்ல அண்ணாச்சி. எனக்கு அந்தோணியாரு போரும்.”

“பின்ன எங்ஙன மாறும்? விசுவுக்கு விசு ஒரே சொல்லு சொன்னவன்.”

பிரீனா தாளை வாங்கிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தேதி தானாகத் திரும்புவதை நிறுத்தி, 2013-க்குக் கொண்டுபோனாள். அதே ஜாதகத்தைப் போட்டாள். அஷ்டமச் சனி வந்து, கடல் தாண்டக்கூடாது என்றார். அடுத்த ஆண்டு முதல் நலம் என்றார். தேதியை இன்றைக்குக் கொண்டுவந்தாள். ஜென்மச் சனி வந்தார்.

“நடப்பு ஆண்டுன்னா, இந்த மெசினுக்கு எந்த வருசம் நடப்போ அந்த வருசம் அண்ணாச்சி. தேதிய நீங்க எங்க இழுத்து வைக்கியளோ, சனியும் அங்ஙன வந்து இருக்காரு.”

ஐயப்பன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பில் அவன் கையிலிருந்த பல்லி முட்டை எங்கே விழுந்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

“அப்பம் இத்தன விசுவும் நீரு வாசிச்சது பதிமூணாம் வருசத்துச் சனியா? அவரு எப்பமோ பொட்டி கெட்டிப் போயாச்சு ஓய்! நீருதான் காலம்பற காலம்பற ஊதுவத்தி கொளுத்தி அவரக் கைபிடிச்சு இழுத்து உக்காத்தி வச்சிருக்கீரு!”

நாராயணபெருமாள் குப்பைக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பகவதி கடைசிப் பக்கத்தை ஏன் உருவினாள் என்பது அவருக்கு இப்போது விளங்கிவிட்டது.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“நீரு அந்தக் குப்பைய எடுத்து வாசிப்பீருன்னு மதினிக்கு எங்ஙன தெரியும்?” என்றான் ஐயப்பன். அதில் நியாயம் இருந்தது.

வரலாறு படித்தவருக்கு ஆண்டு ஆண்டாகப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. “இருபத்தொண்ணு வையி” என்றார். பிரீனா வைத்தாள். லாபச் சனி. ‘கடல் கடந்த பயணம் கைகூடும். உற்றார் உறவினர் ஒன்றுகூடி மகிழ்வர்.’

“இருபத்தொண்ணுலயா?” என்றான் ஐயப்பன். “கொரோனாக் காலம்லா? உற்றாரு ரெண்டு பேரு கூடுனா போலீசு லத்தியோட வந்தான். குளச்சலுக்குப் போவதுக்கே பாசு கேட்டான். அப்பமா கடல் தாண்டணும்?”

நாராயணபெருமாளின் உதடு கொஞ்சம் அசைந்தது. சனியும் பேப்பர் படிப்பதில்லை போலிருக்கிறது.

“இருபத்திமூணு.”

‘வெளிநாட்டுப் பயணம் அமையும். சுபச் செலவுகள்.’ அந்த ஆண்டுதான் சபிதா உண்டாகியிருந்தாள். வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்து, ‘அப்பா, வந்து நாலு நாளாவது இருங்கப்பா’ என்று அழுதாள். இவர் கையில் தாளை வைத்துக்கொண்டு, ‘சனி சரியில்ல மக்ளே’ என்றார். சனி சரியாகத்தான் இருந்திருக்கிறார்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிரீனாவுக்கு அவர் உட்கார்ந்த விதம் பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த வழியில் ஆறுதல் சொன்னாள்:

“இதுக்கு என்ன இப்பம்? ஒங்களுக்கு எந்த வருசம் வேணும்னு சொல்லுங்க. இருபத்திமூணுல நிறுத்தித் தாறேன். ‘போவலாம்’னு பிரின்ட் எடுத்துப் பைக்குள்ள வச்சிட்டுப் போங்க.”

அவர் அதைப் பற்றி உண்மையாகவே யோசித்தார் என்பதை மறைப்பதில் பயனில்லை. இந்த ஆண்டுத் தாளில், மைகூட உலராமல், ‘தொலைதூரப் பயணம் தவிர்க்கவும்’ என்று தெளிவாக இருந்தது. போகாமல் இருக்க அவருக்கு இப்போது சரியான, நடப்பு ஆண்டு, கள்ளமில்லாத காரணம் கிடைத்திருந்தது. போவதற்கோ ஒரு காலாவதியான தாள். எதை எடுப்பது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் மணியடித்தது. பிரீனா சோதனைக்காக முன்பே சபிதாவுக்கு ஒரு அழைப்பு கொடுத்திருந்தாள். அவள் இப்போது திருப்பிக் கூப்பிடுகிறாள். பிரீனா அவசரமாகத் தேதியை இன்றைக்குத் தள்ளிவிட்டு அழைப்பை எடுத்தாள்.

திரை நிறையப் பேத்தி வந்தாள். கன்னத்தில் கோடு இல்லை. வாயோரத்தில் ஏதோ பழத்தின் சாறு; இரண்டு பல். அவள் தாத்தாவை ஒரு நொடி பார்த்தாள். அவளுக்கு அதில் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, அடுத்து விழப்போகிறவள்போல நடந்து, திரையின் ஓரம் வரைக்கும் போய், அதைத் தாண்டி மறைந்துபோனாள்.

நாராயணபெருமாள் நாற்காலியிலிருந்து எழுந்து, கழுத்தை வளைத்து, லேப்டாப்பின் வலது பக்க விளிம்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே லேமினேஷன் மெஷின் இருந்தது.

ஐயப்பன் சிரிக்கவில்லை. அவனும் எட்டிப் பார்த்திருந்தான்.

“அப்பா, எங்க போறிய? முகத்தக் காணல்லியே” என்றாள் சபிதா.

“விசா என்னைக்கு வரைக்கும் மக்ளே?”

“அடுத்த மாசக் கடைசி வர.”

“டிக்கெட்டு போடு.”

“அப்பம் சனி?”

“அவன் இஞ்ச இருக்கட்டும். கடையப் பாத்துக்கிட ஒரு ஆளு வேணும்லா?”

சபிதா சிரித்தாள். பிறகு அழுதாளா, நெட் இழுத்ததா என்று சரியாகத் தெரியவில்லை. பிரீனா மிஞ்சிய ஸ்க்ரூவின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மறுபடி டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அடுத்த சில காலைகளில் வெள்ளம் தெளித்து ஊதுவத்தி கொளுத்தியதும் அவர் கை தானாகத் திரையின் மூலைக்குப் போனது. தொட்டது. ஒன்றும் செய்யாமல் திரும்பிவந்தது. மூலையில் இருந்த தேதி எதுவோ, அந்த நாள்தான் கடையிலும் நடந்துகொண்டிருந்தது. ஜாதகம் கேட்டு வந்தவர்களுக்கு அவர் கடைசிப் பக்கத்தை உருவிவிட்டுத்தான் கொடுத்தார். ‘நடப்பு பலன் இல்லையா?’ என்று ஒருவர் கேட்டதற்கு, “பேசாம இரியும், அது வேண்டாம்” என்றார்.

டிக்கெட் வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து, வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. ஐயப்பன் விரல் மடக்கிப் பார்த்தான்.

“வெள்ளிக்கிழம பத்தர பன்னெண்டு ராகுகாலம்லா அண்ணாச்சி? சனியத்தான் விட்டாச்சு. ராகுவையுமா?”

இதற்கு நாராயணபெருமாள் தயாராக இருந்தார். இரண்டு நாள் யோசித்து வைத்த பதில்.

“லே, குவைத்து நம்மள விட ரெண்டர மணிக்கூர் பின்னால. இஞ்ச பதினொண்ணுன்னா அங்க எட்டர. எட்டரைக்கு ஏது ராகுகாலம்?”

“நீரு ஏறுகது திருவனந்தபுரத்துலயில்லா?”

“போய்ச் சேருகது குவைத்துலல்லா? போற ஊரு நேரத்தத்தான் பாக்கணும்.”

“ஒரு லேப்டாப்புல தேதிய மாத்திப் படிச்சவரு, இப்பம் நாட்டையே மாத்துகாரு” என்று சொல்லி, ஐயப்பன் கடைப் பூட்டின் தாக்கோலை வாங்கிக்கொண்டான். இரண்டு பொட்டலம் சிப்ஸும் கொடுத்தான். அசல் நேந்திரங்காய், சத்தியமாக, என்றான்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் எல்லாம் சுலபமாக நடந்தது. பையைத் திறந்து பார்த்தவர் சிப்ஸை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு விமானம் தாமதம் என்றார்கள். என்ன கோளாறு என்று யாரும் சொல்லவில்லை. நாராயணபெருமாள் கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு தாண்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் அவருக்கு ஒன்று தோன்ற, உடனே ஐயப்பனைக் கூப்பிட்டார். இவ்வளவு நல்ல சேதியை ஊர் போய்ச் சேரும்வரை வைத்திருக்க முடியாது.

“லே ஐயப்பா, பாத்தியா? வண்டி லேட்டு. ஒரு மணிக்குத்தான் கெளம்புகு. ராகுகாலம் தானா கழிஞ்சு போச்சு. நல்லவனுக்கு நேரம் தானா வந்து நிக்கும்டே.”

அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தம் கேட்டது. ஐயப்பன் விரல் மடக்குகிறான் என்பது அவருக்குத் தெரிந்தது.

“அண்ணாச்சி, இஞ்ச ஒரு மணின்னா, அங்க பத்தரையில்லா?”

நாராயணபெருமாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“போற ஊரு நேரத்தத்தான் பாக்கணும்னு நீருதான சொன்னீரு?” என்றான் ஐயப்பன், மிகுந்த மரியாதையோடு. “அங்க இப்பம்தான் ராகுகாலம் தொடங்குகு ஓய்.”

பணிப்பெண் பக்கத்தில் வந்து நின்று, போனை அணைக்கும்படி சொன்னாள். இதுவரை அவர் யார் சொல்லையும் இவ்வளவு வேகமாகக் கேட்டதில்லை. அணைத்து, சட்டைப் பையில் போட்டு, வயிற்றில் பெல்ட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். விமானம் நகர்ந்தது. பக்கத்து சீட்டுக்காரர், முதல் பயணமா என்று கேட்டார்.

“ஆமா. பேத்திக்குப் பிறந்தநாள்” என்றார் நாராயணபெருமாள். சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினார்.